வருகைப் பல்லவி வந்த வழி

வார நாளில் காலைத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. பாடகர் குழு இருக்காது. கீபோர்டு உறைக்குள் கிடக்கும். குருவானவர் பீடத்துக்கு வந்ததும் வாசகர் ஒருவர் எழுந்து, ‘வருகைப் பல்லவி’ என்று தலைப்பையும் சேர்த்தே சொல்லி, இரண்டு மூன்று வரிகளைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கதையே வேறு. தபேலா முழங்க, வருகைப் பாடல் கோயிலை நிறைக்கும். அன்றைக்கு அந்தப் பல்லவி புத்தகத்தை விட்டு வெளியே வருவதில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துச் சிற்றாலயமானாலும் சரி, கோவை பெரிய கடை வீதியில் நிற்கும் புனித மிக்கேல் பேராலயமானாலும் சரி, பெரும்பாலும் இதுதான் வழக்கம். பாடுவதற்கென்றே பிறந்த வரி, பாட்டில்லாத நாளில் மட்டும் காதில் விழுகிறது.

இதற்குள் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. உரோமைத் திருச்சபையில் இந்தப் பல்லவிக்கு இரண்டு புத்தகங்கள். குருவின் கையில் இருப்பது ‘மிஸ்ஸாலே’; நம் திருப்பலி நூலுக்கு மூலம் அதுதான். பாடகர் கையில் இருப்பது ‘கிராதுவாலே’. மெட்டுக் குறிகளோடு அச்சானது. இரண்டும் ஒரே சபையின் அதிகாரபூர்வ நூல்கள். ஆனாலும் பல ஞாயிறுகளில் மிஸ்ஸாலே ஒரு வரியைத் தரும், கிராதுவாலே வேறொரு வரியைத் தரும். ஏடு பார்த்துப் பதிப்பித்த நம் புலவர்கள் இப்படிப்பட்டதைப் பாடபேதம் என்பார்கள். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா.வுக்கு எதிரே ஏட்டுக்கு ஏடு வேறு பாடம் இருந்தது. உரோமைக்கும் அதே தலைவலிதான், கொஞ்சம் பெரிய அளவில்: ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு, மூன்று கண்டம்.

தொடக்கம் 5ஆம் நூற்றாண்டு உரோமையில். திருப்பலிக்கு முன் திருப்பாடல்களைப் பாடும் வழக்கத்தைத் திருத்தந்தை செலஸ்டின் (422–432) கொண்டுவந்தார் என்று திருத்தந்தையர் வரலாற்றைச் சொல்லும் பழைய ஏடு ஒன்று கூறுகிறது. அந்தப் பாட்டு எப்படி நடந்தது என்பதை கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சடங்குக் குறிப்பு படம்பிடித்தாற்போல் காட்டுகிறது. திருத்தந்தை உடைமாற்றும் அறையிலிருந்து பீடம் நோக்கி நடக்கிறார். இருபுறமும் பாடகர்கள். ஒரு பல்லவி வரி, திருப்பாடலிலிருந்து ஓரடி, மறுபடி பல்லவி, மறுபடி ஓரடி. பீடத்தை அடைந்ததும் அவர் பாடகர் தலைவருக்கு ஒரு சைகை காட்டுகிறார். தலைவர் உடனே திரித்துவப் புகழ்ச்சியை எடுத்துப் பாட்டை முடிவுக்குக் கொண்டுவருகிறார். கோயில் நீளமாக இருந்தால் சரணம் கூடும், குட்டையாக இருந்தால் குறையும். நம் பஜனைக்காரர்களிடம் இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். சாமி நிலைக்கு வந்துவிட்டதா என்று ஒரு கண், பாட்டில் ஒரு கண், வந்ததும் மங்களம்.

பல்லவிக்கு வரி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் விவிலியத்திலிருந்து. எந்த விவிலியம் என்பதில்தான் முதல் பேதம் முளைத்தது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் எபிரேய மூலத்தைப் பார்த்து லத்தீன் மொழிபெயர்ப்பைச் செப்பம் செய்தார்; பின்னாளில் வுல்காத்தா என்ற பெயரில் அதுவே மேற்குலகின் விவிலியமானது. அதற்கு முன்பே கிரேக்கத்திலிருந்து பெயர்த்த பழைய லத்தீன் பாடங்கள் மக்கள் வாயில் ஊறியிருந்தன. வாசகப் புத்தகத்தில் ஜெரோமின் பாடம் நுழைந்தது. பாடகர்களோ பழைய பாடத்தை விடவில்லை. மெட்டு ஒவ்வொரு அசையின் மேலும் உட்கார்ந்துவிட்ட பிறகு ஒரு சொல்லை உருவி எடுத்தால் மெட்டு சரிந்துவிடும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். தேவாரத்தில் ஒரு சீரை மாற்றிப் பாடும்படி பேரூர் பட்டீசுவரர் சன்னிதியில் ஓர் ஓதுவாரைக் கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியின் லத்தீன் பல்லவியை எடுத்துக்கொள்வோம். எசாயா 9ஆம் அதிகாரத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கு அடுக்கடுக்காகப் பட்டங்கள் வருவதை எல்லாரும் கேட்டிருப்போம். இன்றைய தமிழ் விவிலியத்திலும் அப்படித்தான். பல்லவியில் அந்த அடுக்கே கிடையாது. அதற்குப் பதிலாக, ‘பெரிய ஆலோசனையின் தூதர்’ என்ற பொருளில் ஒரே ஒரு பட்டம் நிற்கிறது. கிரேக்க விவிலியத்தில் அப்படி இருந்தது, பழைய லத்தீன் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆக, ஒரே கிறிஸ்துமஸில் நள்ளிரவு வாசகம் ஜெரோம் வழியில் ஒன்று சொல்ல, பகல் பல்லவி ஜெரோமுக்கு முந்தைய வழியில் இன்னொன்று சொல்கிறது.

பாஸ்காவில் இந்தப் பேதம் இன்னும் ஆழமாகப் போகிறது. உயிர்ப்பு ஞாயிறின் பழம் பல்லவி 139ஆம் திருப்பாடலிலிருந்து வந்தது. பழைய எண்ணிக்கையில் 138. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் ஒரு பக்தன் தூங்கி விழிக்கிறான், விழித்த பிறகும் கடவுளோடுதான் இருக்கிறான், அவ்வளவுதான். பாடகர்களிடம் இருந்த லத்தீனில் அது ‘உயிர்த்தெழுந்தேன்’ என்று ஆகிவிட்டது. தூக்கம் கலைந்தவனின் சொல், கல்லறையிலிருந்து எழுந்தவர் தன் தந்தையிடம் பேசும் சொல்லாக மாறியது. ஒரு மொழிபெயர்ப்பின் சாய்விலிருந்து திருவழிபாட்டின் மிகப் பெரிய காலை பிறந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்த ஞாயிறுக்கு வந்தால் ஒரு பிரெஞ்சு நாவலே எதிர்ப்படுகிறது. அன்றைய பல்லவி ‘க்வாசி மோதோ’ என்று தொடங்கும். புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய 1 பேதுருவின் வரி அது. அந்த ஞாயிறையே மக்கள் க்வாசிமோதோ என்று அழைத்தார்கள். 1831இல் விக்தோர் ஹ்யூகோ, நோத்ர தாம் பேராலயத்தில் அந்த நாளில் விட்டுச் செல்லப்பட்ட கூன்முதுகுக் குழந்தைக்கு அந்தப் பெயரையே சூட்டினார். ஆனால் வுல்காத்தாவில் அந்த வரி ‘க்வாசி’ என்று தொடங்கவில்லை, ‘சிகுத்’ என்று தொடங்குகிறது. பாடகர்கள் மட்டும் பிடிவாதம் பிடித்திராவிட்டால் உலகப் புகழ்பெற்ற அந்த மணியடிப்பவனின் பெயர் சிகுத்மோதோ. இறந்தோருக்கான திருப்பலிக்கு ‘ரெக்வியம்’ என்று பெயர் வரக் காரணமும் அதன் பல்லவியின் முதல் சொல்தான். அந்த வரியின் மூலமோ எஸ்ரா நான்காம் நூல். விவிலியத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. மொசார்ட்டிலிருந்து வெர்தி வரை இசையமைத்த புகழ்பெற்ற வரி, விவிலியத்துக்கு வெளியே நின்ற ஒரு நூலின் சாயல்.

இப்போது ஆல்ப்ஸ் மலையைத் தாண்டுவோம். 753இல் மெட்ஸ் நகர ஆயர் குரோதேகாங் உரோமைக்குப் போய், திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவானைப் பிராங்கிய நாட்டுக்கு அழைத்துவந்தார். அரசன் பெப்பினுக்குத் தன் முடியாட்சிக்கு ஒரு ஆசி வேண்டும். திருத்தந்தைக்கு லொம்பார்தியரை எதிர்க்கப் படை வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் உரோமைப் பாட்டும் சேர்ந்து வடக்கே போனது. அனுப்பப்பட்ட புத்தகங்களில் சொற்கள் இருந்தன, சுரம் இல்லை. மெட்டைக் குறிக்கும் வழி அப்போது வந்திருக்கவில்லை. பாட்டு ஆள் வழியாகத்தான் போக வேண்டும். ஆள் வழியாகப் போனதால் எல்லாம் மாறிப்போனது.

யார் கெடுத்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் சொந்தக் கதை உண்டு. உரோமைத் தியாக்கோன் ஜான் 870களில் எழுதியது: வடக்கத்தியர் தொண்டை முரடு, குடித்துப் பழகிய குரல், படிக்கட்டில் வண்டி உருளுவதுபோல் கடகடக்கும், நுட்பமான பாட்டு அதில் எப்படி நிற்கும்? சில ஆண்டுகளில் புனித கால் மடத்துத் துறவி நோத்கெர் பதிலுக்கு ஒரு சதிக் கதை சொன்னார். பாடம் சொல்லித்தர உரோமையிலிருந்து பன்னிரண்டு பாடகர் வந்தார்களாம். பிராங்கியர் மேலே வந்துவிடக் கூடாது என்ற பொறாமையில், ஆளுக்கொரு விதமாகத் தப்பாகக் கற்பிப்பது என்று வழியிலேயே பேசிவைத்துக்கொண்டார்களாம். பேரரசர் சார்லமேன் ஒரு கிறிஸ்துமஸை ஒரு நகரத்திலும் அடுத்த கிறிஸ்துமஸை இன்னொரு நகரத்திலும் கழித்தபோது, பாட்டு ஊருக்கு ஊர் வேறாக இருந்ததில் குட்டு வெளிப்பட்டதாம். இரண்டில் எதையும் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேதம் அவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்தது, அதற்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான்.

வில்லனைத் தேடாமல் ஏட்டைத் தேடியவர் அமலாரியுஸ். 831இல் உரோமைக்குப் போய், தினசரி செபவேளைகளுக்கான பாடல் நூலின் ஒரு படியை அவர் கேட்டார். கொடுக்க மிச்சம் இல்லை, இருந்ததைக் கோர்பி மடத்து வாலா கொண்டுபோய்விட்டார் என்று திருத்தந்தை நான்காம் கிரகோரி கைவிரித்தார். அமலாரியுஸ் நேரே கோர்பிக்குப் போய் அந்தத் தொகுதிகளை மெட்ஸ் ஏட்டோடு ஒப்பிட்டார். வரிசை வேறு, சொல் வேறு, எண்ணிக்கையும் வேறு. அசல் என்று நம்பியதும் நகல் என்று நம்பியதும் ஒத்துவரவில்லை. உடனே தானே ஒரு நூல் தொகுத்து, ஓரத்தில் குறியிட்டார்: உரோமைப் பாடத்துக்கு ‘ஆர்’, மெட்ஸ் பாடத்துக்கு ‘எம்’, தானாகச் சேர்த்ததற்கு இரண்டு எழுத்துகள், ‘பொறுத்தருளல், அன்பு’ என்ற இரண்டு லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. வாசகரிடம் முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுவைத்த பதிப்பாசிரியர்! நேர்மைக்குக் கிடைத்த பரிசு வழக்கமானதுதான். லியோன் நகரத்து அகோபார்தும் ஃபுளோருசும் அவர்மீது பாய்ந்தார்கள், 838இல் அவர் கருத்துகள் கண்டிக்கப்பட்டன. விவிலியச் சொல் தவிர வேறு எதுவும் பாட்டில் இருக்கக் கூடாது என்பது அகோபார்தின் கட்சி.

சுரக்குறிகள் வந்தன, 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோ ஊர்க் குயிதோ கோடுகளையும் கொண்டுவந்தார். மெட்டு தாளில் தங்கியது. இதே காலத்தில் வேறொன்றும் நடந்தது, இசை மேதைகள் யாரும் கவனிக்காத ஒன்று. பாடகர் இல்லாமல் தனியாகப் பூசை வைக்கும் குருக்கள் பெருகினார்கள். அவர்களுக்காகச் செபம், வாசகம், பாட்டு எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கட்டினார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் நடைப்பயணத்தில் அதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார்கள். பாடகர் குழு முழங்கினாலும் குரு தன் பங்குக்கு அதே வரியை வாய்க்குள் முணுமுணுத்தாக வேண்டும் என்று ஆயிற்று. பாட்டு வரி முதன்முறையாக வாசிப்பு வரியானது அங்கேதான்.

அச்சு இயந்திரம் வந்ததும் நகலெடுப்பவரின் இடத்தில் வியாபாரி உட்கார்ந்தார். 1474இல் மிலானில் உரோமைப் பூசைப் புத்தகம் அச்சானது. 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் ஒரே பாடத்தை நிலைநாட்டினார். 1592இல் வுல்காத்தாவின் திருத்தப் பதிப்பு வெளிவந்தது. அச்சகத்தார் சிலருக்கு உடனே ஆர்வம் பொங்கியது. பூசைப் புத்தகத்துப் பல்லவிகளில் ‘பிழை’ இருக்கிறதே, விவிலியத்தோடு ஒத்துவரவில்லையே என்று தாங்களாகவே திருத்தி அச்சிட்டார்கள். எட்டாம் கிளமென்ட் 1604 ஜூலையில் ஓர் ஆணையில் கொதித்தெழுந்தார்: ஜெரோமுக்கு முன்பே சபையில் வழங்கிய மிகப் பழைய பாடம் அது, பல்லவிகளெல்லாம் அதிலிருந்து எடுத்தவை, அதைத் துடைத்தெறிய அச்சகத்தாருக்கு யார் உரிமை கொடுத்தது? புரூஃப் பார்க்கும் ஆர்வக்கோளாறை எதிர்த்து ஒரு திருத்தந்தை ஆணை பிறப்பித்தது அபூர்வம். ஹ்யூகோவின் கூன்முதுகனும் அந்த ஆணைக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறான்.

சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள், மெட்டைக் காப்பாற்ற முடியவில்லை. பழைய மெட்டுகளைச் செப்பனிடும் வேலையை 1577இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, இசைஞர்களான பலஸ்திரீனாவிடமும் ட்சோயிலோவிடமும் ஒப்படைத்தார். ஸ்பெயின் இசைஞர் பெர்னாந்தோ தெ லாஸ் இன்ஃபாந்தாஸ் தன் மன்னர் பிலிப்பிடம் முறையிட்டு அதை நிறுத்திவைத்தார். பலஸ்திரீனா இறந்தபின் அவர் மகன் அந்தக் கையெழுத்துப் படியை விற்கப் பார்க்க, அது நீதிமன்ற வழக்கானது. கடைசியில் 1614–15இல் வேறு இருவர் கை வைத்த பதிப்பு வெளிவந்தது. அச்சிட்டது எந்த அச்சகம் தெரியுமா? அரபு முதலிய கீழை மொழிகளில் நூல் அச்சிடுவதற்காகத் தொடங்கப்பட்ட மெதிச்சி அச்சகம். நீண்டு சுழலும் இழைகளையெல்லாம் அந்தப் பதிப்பில் வெட்டித் தள்ளியிருந்தார்கள். அது அன்றைக்குப் பெரிதாகப் போணியாகவில்லை. 250 ஆண்டு கழித்து அதற்கு வந்த மறுபிறவியைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்த பேதத்துக்குக் காரணம் ஒரு கவிஞர், அவரே திருத்தந்தையும்கூட. எட்டாம் ஊர்பனுக்கு லத்தீன் யாப்பில் நல்ல பயிற்சி. பழைய துதிப்பாக்களில் தளை தட்டுவது அவர் காதை உறுத்தியது. இயேசு சபையினர் நால்வரை வைத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்யவைத்து 1632இல் வெளியிட்டார். ‘லத்தீன் வந்தது, பக்தி போனது’ என்று ஒரு கேலி அப்போது சுற்றிவந்தது. துறவு மடங்கள் பல பழைய பாடத்தையே பாடிக்கொண்டிருந்தன. அதைவிட ருசியான செய்தி, உரோமையிலுள்ள புனித பேதுரு பெருங்கோவிலும் திருத்தத்தை ஏற்கவில்லை என்பது. திருத்தந்தையின் வீட்டு வாசலிலேயே திருத்தந்தையின் திருத்தம் செல்லுபடியாகவில்லை.

இந்தப் புத்தகங்கள் இதற்குள் கப்பலேறி நம் கரைக்கு வந்துவிட்டிருந்தன. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டித் தமிழில் செபங்களைச் சொல்லவைத்தார். ஐந்தாம் பத்திநாதரின் பூசைப் புத்தகம் வந்த எட்டே ஆண்டில், 1578இல், அன்றிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அது கற்பிக்கும் நூல், திருப்பலிக்கான நூல் அல்ல. பூசை லத்தீன்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் வேறு கதை. அங்கே தோமா கிறிஸ்தவர்கள் சிரியாக் மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள். 1599 ஜூனில் உதயம்பேரூரில் கூடிய சங்கத்தில் கோவா பேராயர் மெனேசிஸ், அவர்களது குர்பானா பாடத்தைக் கோடு போட்டுத் திருத்தினார், பல ஏடுகளை எரிக்கவும் செய்தார். கணவாய்க் காற்று இன்றும் இரண்டு பக்கமும் வீசுகிறது: கோவை இராமநாதபுரத்தில் 2010இல் சீரோ மலபார் மறைமாவட்டம் ஒன்று அமைந்தது. ஒரே நகரத்தில் கத்தோலிக்கர் இரண்டு வழிபாட்டு மரபில், வேறு வேறு புத்தகங்களிலிருந்து பாடுகிறார்கள்.

கொங்கு நாட்டுக்கு லத்தீன் பாட்டைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பங்கு பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்களுக்கு. அவர்களில் ஒருவர் மரியோன் தெ பிரேசியாக். 1842இல் இந்தியா வந்தவர், 1846 அக்டோபர் 4இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவினாசி சாலையில் போகிறவர்கள் தினமும் கடக்கிற ஊர்தான். கோவையை விட்டு விலகியபின் 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபணிக்கென ஒரு சபை நிறுவி, 1859இல் ஃபிரீடவுனில் காய்ச்சலுக்குப் பலியானார். அவர் இளமையில் கண்ட பிரான்சில் பாடபேதம் உச்சத்தில் இருந்தது. பாரிஸ் மறைமாவட்டம் 1738இலேயே தனக்கென ஒரு பூசைப் புத்தகம் அச்சிட்டுப் பழைய பல்லவிகள் பலவற்றை மாற்றியிருந்தது. அகோபார்தின் ஆவி இறங்கியதுபோல், எல்லாம் நேரடி விவிலிய வரி. பல மறைமாவட்டங்கள் அதே வழியில் போயின. இதை எதிர்த்துத்தான் 1833இல் சொலெம் மடத்தைப் புதுப்பித்த கெரஞ்சே கொடிபிடித்தார். அவருடைய துறவிகள் ஐரோப்பா முழுக்க அலைந்து ஏடு தேடினார்கள். ஒரே ஒரு பாட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட ஏடுகளின் படங்களை மொக்கரோ 1890களின் தொடக்கத்தில் அடுக்கி அச்சிட்டு, பழைய மெட்டு எங்கும் ஒன்றாகவே இருந்தது என்று நிரூபித்தார். உ.வே.சா. வில்வண்டியில் ஊர் ஊராகப் போன அதே பத்தாண்டுகள்!

எதிர்முனையில் ரேகன்ஸ்பூர்க் நகரத்து பூஸ்தெத் அச்சகம். 1871இல் முப்பது ஆண்டு ஏகபோக உரிமை வாங்கி, அந்தப் பழைய மெதிச்சிப் பதிப்பைத் தூசிதட்டி, அதிகாரபூர்வப் பாட்டு நூலாக உலகெங்கும் விற்றது. உரிமை 1901இல் முடிந்தது. 1903இல் பத்தாம் பத்திநாதர் சொலெம் பக்கம் சாய்ந்தார், 1908இல் வத்திக்கான் கிராதுவாலே வந்தது. அறிஞர் வாதமா, அச்சக வியாபாரமா, எது வென்றது என்று கேட்டால், ஒப்பந்தக் கெடு முடிந்தது என்பதே என் பதில்.

பங்கு மக்கள் இதையெல்லாம் எங்கே கண்டார்கள்? சாமியார் பீடத்தைப் பார்த்து லத்தீனில் பூசை வைப்பார். பூசை காண வந்தவர்கள் செபமாலை சொல்வார்கள். பாட்டுப் பூசையில் தாய்மொழி கூடாது என்பது பத்தாம் பத்திநாதரின் 1903 ஆணையின் கண்டிப்பு. பாட்டில்லாப் பூசையில் மட்டும் தளர்வு இருந்தது. அந்தச் சந்துக்குள் தாய்மொழிப் பாடல் உலகெங்கும் நுழைந்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில் அதற்கு முன்பே நுழைந்துவிட்டது. ஷூபெர்ட் 1827இலேயே ஜெர்மன் பூசைப் பாடல்களுக்கு இசையமைத்தார். தொடக்கத்தில் ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, முடிவில் ஒன்று. இன்று நம் பாடகர் குழுத் தலைவர் சனிக்கிழமை மாலை நோட்டில் எழுதுகிற பட்டியலின் எலும்புக்கூடு இதுதான். லத்தீன் பாட்டு அதன் தாயல்ல. பாட்டில்லாத பூசையின் இடைவெளிதான் தாய்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. சில ஆண்டுகளில் தமிழ் பீடத்துக்கு வந்தது. பாடகர் நூலின் சொற்களில் பெரிதாகக் கைவைக்கவில்லை. ஆனால் பாடாமல் படிக்கும்போது அந்தப் பல்லவிகளில் பல தலையும் காலும் புரியாமல் நின்றன. மெட்டு இழுத்துச் சென்ற அரைவரி, மெட்டில்லாமல் வெறும் அரைவரியாகிவிடும் அல்லவா? ஆகவே பாட்டில்லாத திருப்பலிக்கென்று மிஸ்ஸாலேயின் பல்லவிகளைத் தனியாகத் திருத்தி அமைத்தார்கள். மொன்செராத் மடத்துத் துறவி பிராங்கேசா அந்தத் தெரிவுகளின் நோக்கத்தை 1970இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் புதிய நூலை அறிவித்தபோதே, பாட்டு நூலில் உள்ளது பாடுவதற்கு, இது படிப்பதற்கு என்ற வேறுபாட்டைச் சொல்லிவிட்டார். 1967இல் எளிய மெட்டுகளோடு சிறிய பாட்டு நூல் ஒன்றும் வந்திருந்தது; அதன் வரிகள் மூன்றாவது வகை. அமலாரியுஸ் இருந்திருந்தால் ஓரக் குறிக்கு இன்னும் இரண்டு எழுத்து தேடியிருப்பார்.

காணிக்கைப் பல்லவிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். காணிக்கை நேரத்தில் படிக்க ஒன்றும் தேவையில்லை என்று மிஸ்ஸாலேயிலிருந்து அதை எடுத்தேவிட்டார்கள். பாடகர் நூலில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. தமிழ்த் திருப்பலி நூல் மிஸ்ஸாலேயின் மொழிபெயர்ப்பு. அதனால் வருகைப் பல்லவி உண்டு, திருவிருந்துப் பல்லவி உண்டு, காணிக்கைப் பல்லவி கிடையாது. ஊரில் மிக நீளமாகப் பாடுவதோ காணிக்கைப் பாடல்!

வருகையின்போது எதைப் பாடலாம் என்பதற்குக் கிராதுவாலே, சிறிய பாட்டு நூல் என்று சொல்லிவந்த திருப்பலி விதி, கடைசியில் ‘பொருத்தமான வேறு பாடல்’ என்று ஒரு வாசல் திறந்துவிட்டது. தமிழ்நாடு அந்த வாசல் வழியாக முழுசாக வெளியேறிவிட்டது. இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நம் பாடல்களின் அமைப்பைப் பாருங்கள்: பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி, சாமியார் பீடத்துக்கு வந்ததும் அடுத்த சரணத்தை விட்டுவிட்டு நிறுத்தம். கி.பி. 700இல் உரோமையில் நடந்தது வரிக்கு வரி இதுதான். ஐரோப்பியத் துதிப்பாடல் மரபில் பெரும்பாலும் நான்கு பத்தியையும் பாடித்தான் ஓய வேண்டும். வருகிற ஊர்வலத்துக்கேற்ப நீட்டிச் சுருக்கும் பழைய உரோமைக் கலை, கிராதுவாலேயைக் கண்ணால் காணாத நம் பாடகர்களிடம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. போனது அந்தந்த நாளுக்குரிய சொல். திருவருகைக்கால முதல் ஞாயிறும் பொதுக்காலத்து ஏதோ ஒரு ஞாயிறும் ஒரே வருகைப் பாடலில் தொடங்கலாம், யாரும் திகைக்க மாட்டார்கள்.

வேறு சில நாடுகளில் காற்று திரும்பி வீசுகிறது. அமெரிக்க ஆயர்கள் தங்கள் விதிநூலில், பாடத்தக்கவற்றின் முதல் தெரிவிலேயே மிஸ்ஸாலேயின் பல்லவியைச் சேர்த்துக்கொண்டார்கள். பாடாத பூசைக்கென்று தனியாகச் செய்த வரி இப்படி அதிகாரபூர்வமாகப் பாட்டு வரியானது. அங்கே இசையமைப்பாளர்கள் அதற்கு மெட்டுப் போட்டு அச்சிடுகிறார்கள், இணையத்தில் ஏற்றுகிறார்கள். கிராதுவாலே சொற்களை ஆங்கிலத்தில் பாடவைக்கும் இன்னொரு கூட்டமும் பக்கத்திலேயே இயங்குகிறது. ஆக, பாடபேதம் இப்போது ஆங்கிலத்திலும் தொடங்கியாயிற்று. தமிழில் மெட்டமைப்பவருக்கு இதில் பாதி வேலை மிச்சம்: பல்லவி திருப்பலி நூலில் அச்சாகிக் கிடக்கிறது, சரணத்துக்குத் திருப்பாடல் நூற்றைம்பதும் இருக்கின்றன, இராகம் மட்டும் அவர் பொறுப்பு.